வண்ணப் படத்தைக் கடைசியாகப் பாருங்கள்: அணு மருத்துவ மேற்படிப்பு குறித்த கேள்வி பதில்

வேலூரில் அணு மருத்துவ மேற்படிப்பு மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பாடம் எடுத்து வருகிறேன். பெட், ஸ்பெக்ட் ஸ்கேன்கள் உடலில் செலுத்திய கதிரியக்க மருந்து எங்கே சேர்கிறது என்று காட்டும்; சி.டி. எக்ஸ்-கதிரால் உடலின் அமைப்பைக் காட்டும். இப்படி இரண்டை ஒரே கருவியில் எடுக்கும் பெட்-சி.டி., ஸ்பெக்ட்-சி.டி. போன்ற ஹைப்ரிட் ஸ்கேன் பயிற்சி பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பெட் படிக்கத் தெரியும், சி.டி. படிக்கத் தெரியும் என்றால் போதாதா? இரண்டும் சேர்ந்த ஸ்கேனுக்கு எதற்குத் தனிப் பயிற்சி?
(எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவி, குடியாத்தம்)

போதாது அம்மா. டேவிட் டவுன்சென்டும் ரான் நட்டும் உருவாக்கிய முதல் பெட்-சி.டி. மாதிரிக் கருவி 1998-ல் பிட்ஸ்பர்க்கில் இயங்கத் தொடங்கியது. 2001-ல் விற்பனைக்கு வந்தது. அன்று முதல் சி.டி.க்கு இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது. உடலுக்குள்ளிருந்து வரும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர்களில் ஒரு பகுதியை உடலே தடுத்துவிடுகிறது. எவ்வளவு தடுத்தது என்பதை சி.டி.யை வைத்துக் கணக்கிட்டு, கணினி அந்தக் குறையை ஈடு செய்கிறது. ஆகவே சி.டி.யில் நேர்ந்த தவறு பெட் படத்திலும் ஏறிவிடும். செயற்கை உலோக மூட்டுக்குப் பக்கத்தில், உண்மையில் இல்லாத நோய் இருப்பதுபோல் பளிச்சென்று தெரிவது இப்படித்தான். இரண்டையும் தனித்தனியே படித்தவருக்கு இது பிடிபடாது.

பெட்டையும் சி.டி.யையும் வண்ணத்தில் இணைத்த படத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறதே, அதை வைத்தே அறிக்கை எழுதினால் என்ன?
(எம்.டி. முதலாண்டு மாணவர், காட்பாடி)

தம்பி, நான் படித்த காலத்தில் செய்த தவறைச் சொல்கிறேன். ஒரு பெண்மணிக்குப் பெருங்குடல் புற்றுநோய். வலது நுரையீரலின் அடியில் சிறிய ஆரஞ்சுப் புள்ளி ஒன்று தெரிந்தது. நுரையீரலுக்கும் நோய் பரவிவிட்டது என்று எழுதிவிட்டேன். என் ஆசிரியர் வண்ணத்தை அணைத்துவிட்டு, உடல் தடுத்த கதிர்களை ஈடு செய்யாத கறுப்பு வெள்ளை பெட் படத்தைத் திறக்கச் சொன்னார். பிறகு சி.டி.யில் அதே இடத்தை நுரையீரலுக்குரிய அமைப்பில் காட்டினார். அங்கே ஒன்றுமே இல்லை. புள்ளி இருந்தது கல்லீரலின் உச்சியில். சி.டி. சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. பெட் ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு மூன்று நிமிடம் எடுக்கிறது. அதற்குள் நோயாளி பலமுறை மூச்சு விடுவார், உதரவிதானம் ஏறி இறங்கும். அதனால் கல்லீரலில் உள்ளது நுரையீரலில் உட்கார்ந்ததுபோல் தெரிகிறது. அந்த அறிக்கை அப்படியே போயிருந்தால் அவருடைய சிகிச்சையே மாறியிருக்கும்.

முதலில் பெட் மட்டும், அடுத்து சி.டி. மட்டும், அதன்பின் ஈடு செய்யாத படம், கடைசியில் வண்ணம். இந்த வரிசை கையில் பழகும்வரை என் மாணவர்களை நான் விடுவதில்லை.

நான் பட்டு நெசவாளி. பி.எஸ்சி. இயற்பியல் முடித்த மகன் அணு மருத்துவத் தொழில்நுட்பத்தில் எம்.எஸ்சி. சேர வேண்டும் என்கிறான். கதிர்வீச்சை நினைத்தால் பயமாக இருக்கிறது.
(ஆரணி)

உங்கள் கவலை நியாயமானது ஐயா. மகன் மார்பில் டி.எல்.டி. பேட்ஜ் அணிந்துதான் வேலை செய்வார். அவர் உடலில் பட்ட கதிர்வீச்சை அது கணக்கு வைக்கும். ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. மருந்தை ஈயக் கவசத்துக்குள் வைத்து எடுப்பது, ஊசி போட்டதும் விலகி நிற்பது, வேலையை விரைவாக முடிப்பது ஆகிய பழக்கங்கள் அவரைக் காக்கும். சேர்வதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: அந்தப் படிப்பை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கிறதா? ஏற்காத படிப்பில் பணம் கட்ட வேண்டாம்.

ஸ்கேனுக்கு முன் நோயாளியைத் தயார் செய்வதை டாக்டர்கள் ஏன் கற்க வேண்டும்? அது எங்கள் வேலைதானே?
(டெக்னாலஜிஸ்ட், ராணிப்பேட்டை)

உங்கள் வேலைதான், ஆனாலும் படம் படிப்பவருக்கும் அது தெரிந்தாக வேண்டும். ஒருமுறை ஒருவரின் இரண்டு தொடைகளும் கெண்டைக்கால்களும் விளக்கேற்றியதுபோல் இருந்தன. மாணவர்கள் என்னென்னவோ தசை நோய்களின் பெயரைச் சொன்னார்கள். நான் எழுந்துபோய் அவரிடமே கேட்டேன். ஸ்கேன் நல்லபடியாக முடிய வேண்டும் என்று முந்தைய நாள் வள்ளிமலைப் படியேறி முருகனைக் கும்பிட்டு வந்திருக்கிறார். பெட்டுக்கு ஊசியில் போடும் எஃப்.டி.ஜி. என்ற கதிரியக்கச் சர்க்கரையை உழைத்த தசை இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் பலர் சோற்றை மட்டும்தான் விடுகிறார்கள். சர்க்கரை போட்ட காபியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்காமல் "காலையிலிருந்து வாயில் என்ன போட்டீர்கள்?" என்று கேளுங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்குபவர்கள் நம்மிடம் நிறைய. இந்த ஒரு கேள்வியை வங்காள மொழியிலும் இந்தியிலும் கேட்கத் தெரிந்திருப்பது நல்லது.

ஸ்பெக்ட்-சி.டி.யின் காலம் முடிந்துவிட்டதா?
(ஆம்பூர்)

இல்லை. எலும்பு ஸ்கேனில் முதுகெலும்பில் ஒரே ஒரு புள்ளி தெரிந்தால், அது தேய்ந்த மூட்டா, பரவிய புற்றுநோயா என்பதைப் பல நேரம் அதே மேசையில் அதே நாளில் சொல்லிவிடலாம். ஸ்பெக்ட்டுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், ஆறு மணி நேரம், எஃப்.டி.ஜி.க்கு 110 நிமிடம்தான். அதைத் தரும் ஜெனரேட்டர் என்ற கருவி இருந்தால் டெக்னீசியத்தை மருத்துவமனையிலேயே தினமும் கறந்துகொள்ளலாம்.

எம்.டி., டி.என்.பி. இரண்டுக்கும் வாய்ப்பு இருக்கிறது. பயிற்சி இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?
(வாலாஜா)

இரண்டும் மூன்றாண்டுப் படிப்பு; பட்டத்தின் பெயரைவிட அந்தத் துறையின் நடைமுறையைப் பாருங்கள். அங்கே மூன்றாமாண்டு படிப்பவரைத் தனியாகச் சந்தித்து மூன்று கேள்விகள் கேளுங்கள். கதிரியல் துறையில் சி.டி. படிக்க எத்தனை மாதம் அனுப்புகிறார்கள்? புற்றுநோய்க் குழுக் கூட்டத்தில் மாணவரைப் பேச விடுகிறார்களா? அறுவை சிகிச்சைக்குப் பின் திசுப் பரிசோதனை முடிவை வாங்கிவந்து, தாங்கள் எழுதிய அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு அவர் ஆம் என்று சொல்லி, ஒப்பிட்டு எழுதிய நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக் காட்டினால் தயங்காமல் அங்கேயே சேருங்கள்.