வடக்கே இருக்கும் சொம்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எஸ்கிமோக்களிடம் பனிக்கு நூறு சொற்கள் உண்டாம். நம் ‘ஊடலு’க்கு ஆங்கிலத்தில் சொல்லே இல்லை. மொழிதான் சிந்தனையை வார்க்கிறது என்றால், பெங்களூரில் ஆங்கிலம் மட்டுமே பேசி வளரும் என் மகளால் தமிழச்சியாகச் சிந்திக்கவே முடியாதா?

எம்.

அன்புள்ள எம்.,

நூறு சொற்களை முதலில் தூக்கிப் போடுங்கள். 1911இல் ஃபிரான்ஸ் போவாஸ் என்ற மானிடவியலாளர் எடுத்துக்காட்டியவை நான்கே வேர்ச்சொற்கள். பின்னால் வந்தவர்கள் ஏலத்தில் கேட்பதுபோல் ஏற்றிக்கொண்டே போனார்கள். படித்தவர் நீங்கள், எழுதுமுன் சரிபார்த்திருக்க வேண்டாமா? ஊடலுக்குச் சொல் இல்லாத வீட்டிலும் கணவனும் மனைவியும் முறைத்துக்கொண்டுதான் படுக்கிறார்கள். அதை விடுவோம்.

உங்கள் கடிதம் வந்த வாரம் முழுக்க அப்பாயி நினைவாகவே இருந்தேன். “வடக்கே இருக்கிற சொம்பை எடு”, “கொஞ்சம் தெற்கே தள்ளி உட்கார்” என்பாள். விளக்கில்லாத சமையலறையிலும் அவளுக்குத் திசை தப்பாது. இடம், வலம் எல்லாம் ஏரில் பூட்டிய மாடுகளுக்கு. கைகளுக்குக்கூட சோற்றுக்கை, பீச்சாங்கைதான். விடுமுறைக்கு வந்த நான் சொம்பு எங்கே என்று விழிப்பேன். தலையில் ஒரு குட்டு விழும்.

ஆஸ்திரேலியாவில் கூகு யிமிதிர் மொழி பேசுகிறவர்களும் இப்படித்தான். ‘கங்காரு’ அவர்கள் தந்த சொல். அவர்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1990களில் மொழியியலாளர் எரிக் பெடர்சன் தமிழ்நாட்டில் செய்த ஆய்வைத்தான் நம்மவர்கள் கண்டுகொள்வதில்லை. மேசையில் பொம்மைகளை வரிசையாகக் காட்டி, ஆளைத் திருப்பி நிறுத்தி, இன்னொரு மேசையில் அதேபோல் அடுக்கச் சொல்வது சோதனை. திசை சொல்லிப் பழகிய கிராமத்தார் திசை பார்த்து அடுக்கும் பக்கம் சாய்ந்தார்கள். இடம் வலம் சொல்லும் நகரத்தார் தங்கள் உடம்பை வைத்து அடுக்கும் பக்கம்.

இரு தரப்புக்கும் தாய்மொழி தமிழ்தானே ஐயா! ‘வடக்கு’ என்ற சொல் நகரத்தானுக்குத் தெரியாதா? அகராதியில் அந்தச் சொல் கிடப்பது வேறு, நாளுக்கு நாற்பது முறை அதைச் சொல்லித் தண்ணீர் கேட்பது வேறு. மொழி மொழி என்று மார்தட்டுகிறவர்கள் இந்த இடத்தை மட்டும் சத்தமில்லாமல் தாண்டிப்போகிறார்கள். எனக்கு அதில்தான் எரிச்சல்.

மகளா? அவளிடம் தமிழில் பேசுங்கள், வேறென்ன. தமிழச்சியாகச் சிந்திப்பது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அதே சமையலறையில் நின்றுகொண்டு, வடக்கு எது என்று கைபேசியில் பார்த்தேன்.