ஷாதுவோவின் இரண்டு கைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தீபாவளி விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சூய் ஹார்க் இயக்கிய இரண்டு சீனப் படங்களைப் பார்த்தேன். இரண்டுமே துப்பறியும் நீதிபதி தி ரென்ஜியேயைப் பற்றியவை. கதைப்படி முன்னால் நடப்பது கடல் நாகம் வருகிற படம். அது வெளிவந்தது 2013இல். அதை முதல் நாள் போட்டேன். 2010இல் வந்த, மனிதர்கள் தானாகப் பற்றியெரிகிற படத்தை மறுநாள் போட்டேன். முதல் நாள் வீட்டில் ஒரே கொண்டாட்டம். மறுநாள் பாதியிலேயே சலித்துவிட்டார்கள். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9. "நேற்று வந்த அண்ணன் எங்கே? ஏன் இந்த மாமா வருகிறார்?" என்று மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். சிலை விழுந்ததும் சண்டை முடிந்துவிட்டதே என்று கடைசிப் பேச்சை ஓட்டிவிட்டோம்.

இரண்டில் எது சிறந்த படம்? முன்கதைப் படங்கள் எல்லாமே ஓடிய படத்தின் பெயரை வைத்துக் காசு பார்க்கிற வேலைதானா? தி ரென்ஜியே உண்மையில் வாழ்ந்தவரா? நேரம் இருந்தால் எழுதுங்கள்.

தங்கள் வாசகன்,
ஈரோடு


அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பழைய பெட்டியிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்திருந்தேன். எதற்கு என்று பிறகு சொல்கிறேன். பிள்ளைகளிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல் கூடவே உட்கார்ந்து பார்த்தீர்கள், அதற்காக உங்கள்மேல் அன்பு உண்டு. ஆனால் இரண்டு தவறுகளைச் செய்துவிட்டு அவற்றை விடுமுறைச் செய்தியாக எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது கோபம் வந்தது. (இந்தப் படங்களைப் பார்க்காதவர்கள் இங்கேயே நின்றுவிடுங்கள். இரண்டின் முடிவையும் சொல்லப்போகிறேன்.)

சிறிய தவறை முதலில் சொல்கிறேன். நீங்கள் ஓட்டிவிட்ட கடைசிப் பேச்சில் என்ன இருந்தது தெரியுமா? வூ ஸெதியான் சீனாவின் அரியணையில் தானே ஏற இருக்கிறாள். அவள் முகத்தையே கொண்டு வானளாவ எழுந்த புத்தர் சிலை அரண்மனையை நோக்கிச் சரிந்து நொறுங்கியிருக்கிறது. எட்டு ஆண்டுகள் தன்னைச் சிறையில் போட்டு வைத்தவளைக் காப்பாற்றிவிட்டு நிற்கிறான் தி ரென்ஜியே. அவன் உடம்பில் நெருப்பு வண்டின் நஞ்சு ஏறிவிட்டது. இனி வெயில் பட்டால் மற்றவர்களைப் போல அவனும் உள்ளிருந்து எரிந்து சாம்பலாக வேண்டியதுதான். அந்த நிலையிலும் தனக்கென்று எதையும் அவன் கேட்கவில்லை. நல்லபடியாக ஆள வேண்டும், காலம் வரும்போது ஆட்சியை அவள் கணவனின் குலமான தாங் வம்சத்திடம் திருப்பித் தர வேண்டும் என்று கேட்கிறான். பிறகு சூரியன் நுழையாத பாதாளச் சந்தைக்குள் இறங்கிப் போய்விடுகிறான். தி ரென்ஜியேயாக நடித்த ஆண்டி லௌ அந்தக் காட்சியில் குரலை உயர்த்துவதே இல்லை. படம் முழுவதும் சாமோ ஹங் வடிவமைத்த சண்டைகள் எல்லாம் இந்தப் பேச்சுக்காகத்தான் நடந்தன. நீங்கள் சோற்றை வைத்துவிட்டு இலையைச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறீர்கள்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. தி ரென்ஜியே வாழ்ந்தவர்தான். 630இல் பிறந்து 700இல் இறந்தார். வூ 690இல் முடிசூடி 705 வரை ஆண்டார். அந்த ஆண்டில் ஆட்சி தாங் வம்சத்திடம் திரும்பியது. அதைப் பார்க்க தி உயிரோடு இல்லை. ஆனால் அந்த மாற்றத்தை முன்னின்று நடத்திய சாங் ஜியான்ஸி, தி ரென்ஜியேயே அரசியிடம் பரிந்துரைத்துப் பதவிக்கு வந்தவர். படத்தில் கேட்கப்படுகிற வாக்குறுதிக்குப் பின்னால் இவ்வளவு வரலாறு நிற்கிறது.

சிலையும் வெறும் கற்பனை இல்லை. லுவோயாங் அருகே லோங்மென் குகைகளில் 17 மீட்டர் உயரமுள்ள புத்தர் இன்றும் உட்கார்ந்திருக்கிறார். 672இல் வூ தன் ஒப்பனைச் செலவுக்கான பணத்திலிருந்து 20,000 சரம் காசு அதற்குக் கொடுத்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. முகம் அரசியின் சாயல் என்று மக்கள் சொல்வார்கள். பிற்காலத்தில், பிக்குகளும் பிக்குணிகளும் ஆளுக்கு ஒரு காசு தினமும் தர வேண்டும் என்று வசூலித்து இன்னொரு மாபெரும் சிலை எழுப்ப அரசி நினைத்தபோது, எதிர்த்து மனு எழுதியவர் கிழவராகிவிட்ட தி ரென்ஜியே. அவர் சாகிற ஆண்டு அது.

இன்னொன்றும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 692இல் அவர்மேல் பொய்யாக ராஜதுரோகக் குற்றம் சுமத்திச் சிறையில் தள்ளினார்கள். அவர் போர்வைத் துணியைக் கிழித்து அதில் தன் முறையீட்டை எழுதி, பஞ்சு வைத்த அங்கிக்குள் ஒளித்தார். வெயில் காலம் வந்துவிட்டது, இதை வீட்டுக்கு அனுப்பிப் பஞ்சை எடுக்கச் சொல்லுங்கள் என்று காவலரிடம் கொடுத்தார். மகன் பிரித்துப் பார்த்து அரசியிடம் ஓடினான். உயிர் தப்பியது. இரண்டு படங்களிலும் இதற்கு ஈடான காட்சி ஒன்று கூட இல்லை.

இனிப் பெரிய தவறு. கதைப்படி முன்னால் நடப்பதால் முன்னால் போட்டேன் என்கிறீர்கள். யார் சொன்னது உங்களுக்கு? நம் வீடுகளில் இது பரவிக்கொண்டே வருகிறது. தொடர் படம் என்றால் உடனே ஆண்டுக் கணக்குப் பார்த்து வரிசையாக அடுக்குகிறார்கள், கோப்பு அடுக்குவது போல. 2013இல் சூய் ஹார்க் அந்தப் படத்தை எடுத்தது 2010இன் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்காக. மார்க் சாவ் நடித்த இளம் தி 665இல் லுவோயாங் நகருக்குள் குதிரையில் வருகிறான். அவன் சாக மாட்டான் என்று நமக்குத் தெரியும். நாகம் அவனை விழுங்காது, வழக்கு முடியும், அவன் பேர் வாங்குவான். இதெல்லாம் தெரிந்த பிறகு முன்கதைக்கு மிச்சம் இருக்கிற சொத்து என்ன? நமக்குத் தெரிந்ததும் அவர்களுக்குத் தெரியாததும்தான். அந்த ஒரே சொத்தைப் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிட்டீர்கள்.

முன்கதையின் முடிவில் மாமன்னர் தி ரென்ஜியேயிடம் ஒரு தண்டாயுதத்தைத் தருகிறார். உங்கள் மகனுக்கு அது ஒரு பரிசு. 2010இன் படத்தை முதலில் பார்த்திருந்தால், அதிர்ந்து அதிர்ந்து எஃகின் பலவீனத்தைக் கண்டுபிடிக்கிற அதே ஆயுதம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். இதை ஏந்துகிறவன் எட்டு ஆண்டுகள் சிறையில் கிடக்கப்போகிறான் என்றும் தெரிந்திருக்கும். அரசியையும் பாருங்கள். இரண்டு படத்திலும் கரீனா லௌதான். முன்கதையில் நடித்தபோது அவருக்கு மூன்று வயது கூடியிருந்தது. அரசிக்கோ ஏறத்தாழ இருபத்தைந்து வயது குறைந்திருந்தது. நோயாளிக் கணவனின் பக்கத்தில் உட்கார்ந்து ஆணையிடுகிற அந்தப் பெண்ணின் கண்ணில், பின்னால் வரப்போகிறவளை நாம் தேட வேண்டும்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அரசிக்காக இல்லை. ஷாதுவோ சோங்குக்காக. உங்கள் கடிதத்தில் அவன் பெயரே இல்லை.

2010இன் படத்தில் அவனை நடித்தவர் டோனி லியுங் கா ஃபாய். தி ரென்ஜியேயின் பழைய தோழன், சிலை கட்டும் பணியின் மேற்பார்வையாளன். அரசியை எதிர்த்த குற்றத்துக்காக முன்பு சிறையில் அவன் கையை வெட்டிவிட்டார்கள். அந்தக் கைக்காகத்தான் அத்தனை பேரை எரிக்கிறான், சிலையைச் சாய்க்கிறான். நண்பர்கள் இருவரும் சிலையின் வயிற்றுக்குள்ளேயே மோதிக்கொள்கிறார்கள். ஒருவன் சிறையிலிருந்து வெளியே வந்ததும் நியாயத்தைப் பிடித்துக்கொண்டான், இன்னொருவனால் தன் வெட்டுண்ட கையைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை. வில்லன் என்று அவனை ஒரு சொல்லில் தள்ள எனக்கு மனம் வந்ததில்லை.

மூன்று ஆண்டு கழித்து வந்த முன்கதையில் லின் கெங்சின் அவனாக வருகிறார். சிறை மருத்துவன், பயந்த சுபாவம், வெகுளி. தி ரென்ஜியேயைச் சந்திப்பதே சிறையில்தான். சிரிக்கிறான், தடுமாறுகிறான், சொன்னதற்கெல்லாம் நம்பி ஓடுகிறான். அவனுக்கு இரண்டு கைகளும் இருக்கின்றன.

என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் கேரம் ஆட்டத்தில் அவரை ஜெயித்தவர் கிடையாது. 1986இல், அவருக்கு 24 வயது, வேலை பார்த்த பட்டறையில் பவர் பிரஸ் இறங்கி வலக்கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. அந்த இயந்திரத்துக்குப் பாதுகாப்புத் தடுப்பு இல்லை. பட்டறைக்காரர் மூன்று மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார். அண்ணன் யார்மேலும் வழக்குப் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. கேரம் பலகையை மட்டும் சித்தப்பா வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

என் மேசைமேல் இருக்கிற புகைப்படம் 1984இல் அக்கா கல்யாணத்தில் எடுத்தது. அண்ணனுடைய பேத்தி தாத்தாவின் பழைய படம் வேண்டும் என்று கேட்டாள் என்பதற்காகத் தேடி எடுத்தேன். பந்தியில் அண்ணன் சாம்பார் வாளியோடு குனிந்திருக்கிறார். கரண்டியைப் பிடித்த கையில் ஐந்து விரலும் தெரிகின்றன. அன்று அதை எடுத்தவருக்கு அது வெறும் பந்திப் படம். எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுகள் வரை எல்லோருக்கும் அப்படித்தான். 1986க்குப் பிறகு அம்மா அதைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. நாங்கள்தான் பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு அதைப் பார்க்கிறவர்களாகிவிட்டோம். முன்கதையை எப்போது பார்க்க வேண்டும் என்று இனியும் என்னைக் கேட்பீர்களா?

சூய் ஹார்க்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. கையில் இவ்வளவு பெரிய துக்கத்தை வைத்துக்கொண்டு, ஷாதுவோவைப் பெரும்பாலும் சிரிப்புக்குப் பயன்படுத்திக்கொண்டார். நாகத்துக்குக் கொடுத்த நிமிடங்களில் ஐந்தை நண்பர்கள் இருவரும் சும்மா உட்கார்ந்து சோறு சாப்பிடக் கொடுத்திருக்கலாம். அதனால்தான் 2010இன் படம் எனக்கு எத்தனையோ படி மேலே நிற்கிறது. அங்கே இடிந்து விழுகிற சிலைக்குள் ஓர் ஆட்சியின் ஆணவமும் ஒரு நட்பும் இருக்கின்றன. இங்கே கடலிலிருந்து எழுகிற நாகத்துக்குள் நாகம் மட்டும்தான் இருக்கிறது. தண்ணீருக்கடியில் குதிரை ஓடுவதையும் கணினி வரைகலையையும் உங்கள் மகன் ரசித்தானென்றால் ரசிக்கட்டும், ஒன்பது வயதில் அது சரிதான். காசுக்காக எடுத்தார்களா என்ற கேள்வியில் எனக்கு அக்கறை இல்லை. எல்லாப் படமும் காசுக்காகத்தான் எடுக்கப்படுகிறது.

முதல் படத்தை அண்ணனும் நானும் குறுந்தகட்டில் சேர்ந்து பார்த்தோம். முன்கதையும் அப்படியே, 2014இல். அவர் வழக்கம்போலப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஷாதுவோ வந்து சில நிமிடம் ஆனதும் என் முழங்கையைத் தொட்டார்.

"தம்பி, பின்னால் கை போகிறதே, அந்தப் பையனா இவன்?"

ஆமாம் என்றேன்.

"இரண்டு கையும் இருக்கிறது பார்" என்றார். அதற்குப் பிறகு படம் முடிகிறவரை அவர் நாகத்தைப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மகனை விட்டுவிடுங்கள், அவனுக்குக் காலம் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்து, நீங்கள் ஓட்டிவிட்ட அந்தக் கடைசிப் பேச்சை முதலில் போடுங்கள். பிறகு 2013இன் படத்தைத் தொடக்கத்திலிருந்து போடுங்கள். ஷாதுவோ வரும்போது நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். அவள் ஏதாவது சொன்னால் எனக்கு எழுதுங்கள்.