தீர்ப்புகளைக் குறிப்பிட உதவும் சட்ட மேற்கோள் மென்பொருளில் நீதிமன்றம், மாநிலம் என்று இரண்டு ட்ராப்டவுன் வைத்தால் போதாதா?

போதாது. கேட்டவர் புதிதாக ஒரு டூல் எழுதிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. நீதிமன்றத்தின் பெயரை வெறும் எழுத்தாகச் சேமித்து, பக்கத்திலேயே மாநிலத்தையும் ஒட்டிவைப்பதுதானே திட்டம்? இப்போதே நிறுத்திவிடுங்கள்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் (பெயர் வேண்டாம்) அப்படித்தான் வைத்திருந்தார்கள். 2019 ஜனவரி 1 அன்று ஆந்திராவுக்கு அமராவதியில் தனி உயர் நீதிமன்றம் வந்தது. ஹைதராபாத்தில் இருந்தது தெலங்கானா உயர் நீதிமன்றம் ஆனது. எங்கள் டீம் லீடுக்கு இது ஐந்து நிமிட வேலை: "ஹைதராபாத் வரியில் பெயரை மாத்து, ஆந்திராவுக்குப் புதுசா ஒரு வரி சேரு." வேண்டாம் சார் என்றேன். கேட்கவில்லை.

மறுநாளே 1995 தீர்ப்புகள் எல்லாம் தெலங்கானா உயர் நீதிமன்றத்தின் பெயரில் வந்து நின்றன. மேற்கோளில் 'ஏஐஆர் 1995 ஏபி' (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர் என்ற தீர்ப்புத் தொகுப்பு, 1995, ஆந்திரப் பிரதேசம்) என்று இருக்கிறது. அதே வரியில், அன்றைக்கு இல்லாத ஒரு மாநிலத்தின் நீதிமன்றம்! ஒரு மூத்த வழக்கறிஞர் போனில் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். உடனே இன்னொருவர் 'சரிசெய்தார்': பழையது ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம், புதியதும் அதே பெயர், ஆகவே பழைய தீர்ப்புகளை எல்லாம் புது வரிக்குத் தள்ளிவிட்டார். இப்போது எங்கள் டேட்டாபேஸின்படி அமராவதி நீதிமன்றம் 1970களிலேயே தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. பெயர் ஒன்று, நீதிமன்றம் இரண்டு என்பதை அந்த டேட்டாபேஸால் சொல்லவே முடியாது.

கடைசியில் நான் முதலில் சொன்னதற்கே வந்தார்கள். நீதிமன்றத்துக்கு மாறாத ஓர் அடையாள எண். பெயர்கள் தனி டேபிளில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று. தீர்ப்புத் தேதியைப் பார்த்துப் பெயரை எடுக்க வேண்டும். அப்படியானால் ஹைதராபாத்தில் இருக்கும் நீதிமன்றத்தின் பெயர் 2014 ஜூனுக்கு முன் ஆந்திரப் பிரதேசம், 2018 முடிய ஹைதராபாத், பிறகு தெலங்கானா. மூன்றும் ஒரே எண்ணில் வரும். ஆள்வரையும் (நீதிமன்றத்தின் அதிகாரம் செல்லும் பகுதி) தனி டேபிள்தான். பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குக் கோவாவும் உண்டு, கல்கத்தாவுக்கு அந்தமானும் உண்டு. 2004இல் வந்த மதுரைக் கிளையைத் தனி நீதிமன்றமாகப் போடாதீர்கள். அது சென்னை உயர் நீதிமன்றத்தின் அமர்வு.

'இதெல்லாம் இந்தியாவின் குழப்பம்' என்று யாராவது வருவார்கள். அமெரிக்காவில் 1981இல் ஐந்தாவது சர்க்யூட்டை (ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம்) பிரித்துப் பதினொன்றாவதை உண்டாக்கினார்கள். பிரிட்டனில் 2009இல் பிரபுக்கள் அவையின் நீதிப் பணி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதற்காக 1932இல் பிரபுக்கள் அவை சொன்ன டொனஹூ எதிர் ஸ்டீவன்சன் தீர்ப்பை உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று அச்சடிப்பீர்களா? நியூயார்க்கில் 'சுப்ரீம் கோர்ட்' என்பது விசாரணை நீதிமன்றம். பெயரைப் பார்த்துப் படிநிலை போட்டால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

'நியூட்ரல் சைட்டேஷன் (தீர்ப்புக்கு நீதிமன்றமே தரும் எண்) வந்துவிட்டதே' என்பவர்களுக்கு: நல்ல விஷயம்தான், நான் எதிரி இல்லை. ஆனால் ஐஎன்எஸ்சி என்ற எழுத்துகள் உச்ச நீதிமன்றம் என்று சொல்லுமே தவிர, வழக்கு எந்த மாநிலத்திலிருந்து மேலே போனது என்று சொல்லாது. சின்ன டூலுக்கு இவ்வளவு தேவையா என்றால், ஒரே நீதிமன்றத்தின் சமீபத்திய தீர்ப்புகள் மட்டும்தான் என்றால் தேவையில்லை.

அப்புறம் ஒன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலை முடிந்த ரிலீஸில் பாராட்டு யாருக்குப் போனது தெரியுமா? பட்டனின் நிறத்தை மாற்றியவருக்கு. டேட்டாவைச் சுத்தம் செய்பவனுக்கு அங்கே பெயர் 'என்ட்ரி போடுற பையன்'.

சரி, உங்கள் டூலுக்கு வருவோம். தேதி இல்லாத தீர்ப்பு வந்தால் பெயரை ஊகித்து நிரப்பாதீர்கள். காலியாக விட்டு, பயனரிடமே கேளுங்கள்.