பழைய ஹைலக்ஸுக்குப் பெரிய டயர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கிறேன். என் தந்தையார் ப்ரோஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா தொழிற்சாலையில் பல ஆண்டுகள் உழைத்தவர். அவர் ஆசையாக வாங்கிய 1993ஆம் ஆண்டு ஹைலக்ஸ் டபுள் கேப் பக்கி (பிக்கப் வண்டி) இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி அது, 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், கார்புரேட்டர், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். ஓட்டம் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை குடும்பத்தோடு ஹிம்வில் வழியாக சானி கணவாய் ஏறி லெசோத்தோ போய்வருகிறோம். இப்போது 205 ஆர் 16 டயர் போட்டிருக்கிறேன். நண்பர்கள் 33 அங்குல டயரும் வலுவான ஆக்சில் ஷாஃப்டும் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) போடச் சொல்கிறார்கள். கையில் இருக்கும் பணத்துக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடுவது?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். தந்தையார் வைத்துப் போன வண்டியை விற்றுவிடாமல் ஓட்ட வேண்டும் என்று நினைக்கிறீர்களே, அதற்காகவே இந்தப் பதிலைச் சற்று விரிவாக எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 33 அங்குலம் உங்களுக்கு வேண்டாம். வலுவான ஷாஃப்டும் இப்போதைக்கு வேண்டாம். டயர் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை முன் ஆக்சிலைப் பிரித்துப் பழுது பார்க்கவும், இன்னொரு பகுதியை டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன்-பினியன் என்ற பல்சக்கர ஜோடியை மாற்றவும் ஒதுக்குங்கள்.

ஏன் என்று கணக்கோடு பார்ப்போம். உங்களுடைய 205 ஆர் 16 டயரின் விட்டம் ஏறத்தாழ 735 மில்லிமீட்டர், அதாவது 29 அங்குலம். 33 அங்குல டயரின் விட்டம் 838 மில்லிமீட்டர். வித்தியாசம் 14 சதவீதம். சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகும். ஆனால் அந்தச் சுற்றைச் சுற்றவைக்க எஞ்சின் அதே அளவுக்கு அதிகமாகச் சிரமப்பட வேண்டும். உங்கள் வண்டியின் டிஃபரன்ஷியல் விகிதம் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, கியர் பக்கமிருந்து வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்ற கணக்கு) 4.10 என்று வைத்துக்கொண்டால், 33 அங்குல டயர் போட்ட பிறகு அது 3.6 விகிதம் உள்ள வண்டியைப் போலத்தான் இழுக்கும். டர்பன் கடற்கரைச் சாலையில் இது பெரிதாகத் தெரியாது. சானி கணவாயின் உச்சி 2,876 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான் என்பதால், டர்போ இல்லாத எஞ்சின் தன் வலுவில் கால் பங்கை இழந்துவிடுகிறது. கடல் மட்டத்துக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட கார்புரேட்டர் அங்கே பெட்ரோலையும் தேவைக்கு மேல் ஊற்றும். இந்த இழப்போடு பெரிய டயரின் 14 சதவீதமும் சேர்ந்துகொண்டால், கொண்டை ஊசி வளைவில் குடும்பத்தையும் சாமான்களையும் சுமந்து நிற்கும் வண்டியைக் கிளப்ப நீங்கள் கிளட்சைத்தான் தேய்க்க வேண்டியிருக்கும். மலை ஏறுவதற்காகப் போட்ட டயரே மலை ஏறும் வலுவைப் பறித்துக்கொள்ளும்.

ஆகவே நான் சொல்லும் அளவு 235/85 ஆர் 16. இதன் விட்டம் சுமார் 806 மில்லிமீட்டர், அதாவது 31.7 அங்குலம். டிஃபரன்ஷியலுக்கு அடியில் இப்போது இருப்பதைவிட 35 மில்லிமீட்டர் கூடுதல் இடைவெளி கிடைக்கும்; விட்டத்தில் கூடுவதில் பாதிதான் தரையிலிருந்து உயர்வாகக் கிடைக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்களுடைய 16 அங்குல ரிம்மையே பயன்படுத்தலாம் என்பது பெரிய மிச்சம். டயர் உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் ஈரச் சரளையிலும் சேற்றிலும் கீழே உள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும். அகலமான டயரின் பயன் மணலில்தான் அதிகம். நம் தென்னாப்பிரிக்காவிலோ பொழுதுபோக்குக்காகக் கடற்கரையில் வண்டி ஓட்டுவது 2000களின் தொடக்கத்திலிருந்தே தடைசெய்யப்பட்டிருக்கிறது. ரிம்மை வெளியே தள்ளி அகலமான டயர் போட்டால் அந்தப் பாரம் முழுவதும் வீல் பேரிங்கின் மேல் நெம்புகோல் போல விழும்.

டயர் வாங்கும் முன்னால் முன் ஆக்சிலைப் பாருங்கள். உங்கள் வண்டியில் முன்பக்கமும் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே முழு ஆக்சில் என்பது பெரிய பாக்கியம். அதை வலுப்படுத்துவதும் பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய நக்கிளை, அதாவது முன் சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் ஆக்சில் முனையை, அப்படியே நம்பக் கூடாது. ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், வீட்டில் யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் தேய்ந்திருப்பது வீல் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் நக்கிளின் மேலும் கீழும் உள்ள கிங்பின் பேரிங்கின் வேலை. அதன் பிறகு நக்கிளின் பின்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். கெட்டியான கரிய கிரீஸுக்குப் பதிலாகக் கூழ் போன்ற பழுப்புக் குழம்பு வழிந்தால், உள் ஆயில் சீல் போய், டிஃபரன்ஷியல் ஆயில் கிரீஸோடு கலந்துவிட்டது என்று பொருள். அந்தக் குழம்பில் ஓடும் ஜாயிண்டுக்கு (சக்கரம் திரும்பியிருக்கும்போதும் ஷாஃப்டின் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு) ஆயுள் குறைவு.

அதைவிட முக்கியமாக, நக்கிளின் மேல் ஸ்டியரிங் கையைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்டட்களை (மரையாணிகளை) பாருங்கள். பெரிய டயர் போட்ட டொயோட்டாக்களில் இவை தளர்ந்து, சில வேளைகளில் முறிந்தும் போகும். நட்டைச் சுற்றிப் புதிதாகத் துருப்பொடி படிந்திருந்தால் அது தளர்வின் அடையாளம். புதிய ஸ்டட், புதிய கூம்பு வாஷர், கையேட்டில் சொன்ன முறுக்கம், பிறகு 1,000 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு சோதனை: இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு டயரின் விலைகூட வராது.

இப்போது கிரவுன்-பினியன். 235/85 டயரோடு பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் 4.10 விகிதத்தைச் சுமார் 4.50க்குக் கொண்டுபோக வேண்டும். இந்த ஆக்சிலுக்குக் கிடைக்கும் 4.56 விகிதம் அதற்கு மிகப் பொருத்தம். கிரவுனில் 41 பல், பினியனில் 9 பல். முதலில் உங்கள் வண்டியின் உண்மையான விகிதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் ஆக்சிலை ஸ்டாண்டின் மேல் ஏற்றி, இரண்டு பின் சக்கரங்களையும் ஒன்றாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தால், அது எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணிவிடலாம். சக்கரத்தைப் பத்துச் சுற்றுச் சுற்றி எண்ணினால் கணக்கு இன்னும் துல்லியமாக வரும். 41 சுற்று என்றால் 4.10.

முன், பின் இரண்டு டிஃபரன்ஷியலுக்கும் ஒரே விகிதம்தான் போட வேண்டும். பணம் போதவில்லை என்று பின்பக்கத்தை மட்டும் மாற்றினால், நான்கு சக்கர இயக்கத்தைப் போட்ட மாத்திரத்தில் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பற்களின் இடைவெளியை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு அளந்து வைக்கத் தெரிந்தவரிடம் மட்டுமே இந்த வேலையைக் கொடுங்கள். டிஃபரன்ஷியல் எப்படியும் பிரிந்து கிடக்கும் அந்த நாளில், கூலி இரட்டிப்பாகாமல் பின்பக்கத்துக்கு ஒரு டிஃப் லாக்கையும் (இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சுழலவைக்கும் அமைப்பு) போட்டுவிடலாம். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கிச் சும்மா சுழலும் இடத்தில், நான்கு அங்குலம் பெரிய டயர் செய்யாததை டிஃப் லாக் செய்யும்.

வலுவான ஷாஃப்டை ஏன் வேண்டாம் என்கிறேன்? குரோம்-மாலிப்டினம் எஃகில் செய்த ஷாஃப்டும் ஜாயிண்டும் நல்ல பொருள்கள்தாம். ஆனால் ஓர் ஆக்சிலில் ஏதாவது ஒன்று முதலில் முறியத்தான் வேண்டும். முறிவது எது என்பதே கேள்வி. ஜாயிண்ட் முறிந்தால் சாலையோரத்தில் இரண்டு மணி நேரத்தில் மாற்றி வீடு வந்து சேரலாம். ஜாயிண்டை முறியாததாக்கிவிட்டால், அந்த அடி கிரவுன்-பினியனின் பற்களுக்குப் போகும். அதைச் சாலையோரத்தில் மாற்ற முடியாது. முன்பக்க ஜாயிண்ட் பெரும்பாலும் முறிவது ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து வைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதுதான். சக்கரம் கல்லில் சிக்கிக்கொண்டால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கிய பிறகு மிதியுங்கள். உங்கள் டயர் அளவுக்கும் ஓட்டத்துக்கும் நல்ல கிரீஸ் அடைத்த பழைய ஜாயிண்டே போதும்.

பிரேக்கைப் பற்றி எழுதும்போது என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே போன்ற ஒரு பக்கிக்கு ஸ்பிரிங்கை உயர்த்தி 33 அங்குல டயர் போட்டேன். என்3 நெடுஞ்சாலையில் ஹில்டனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்குள் இறங்கும் டவுன் ஹில் சரிவில், பின்னால் என் மனைவியும் பிள்ளைகளும் இருக்க, பிரேக் பெடல் மெல்ல மெல்லக் கீழே போயிற்று. எரிந்த பிரேக் லைனிங்கின் நெடி வண்டிக்குள் நிறைந்தது. கியரைக் குறைத்து, ஓரங்கட்டி நிறுத்திய பிறகு முன் டிஸ்க் இரண்டும் நீலம் பாரித்திருப்பதைக் கண்டேன். பின் ட்ரம்மைத் தொட்டால் வெறும் வெதுவெதுப்புதான். காரணம் எளியது. இந்த வண்டிகளில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே போய் ஒரு வால்வை இயக்குகிறது. பின்பக்கம் பாரத்தில் அமுங்கினால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம், உயர்ந்திருந்தால் குறைந்த அழுத்தம். ஸ்பிரிங்கை உயர்த்திய பட்டறையில் அந்தக் கம்பியைச் சரிசெய்யவில்லை. வண்டி எப்போதும் காலியாக இருக்கிறது என்று அந்த வால்வு எண்ணிக்கொண்டது. அன்று நான் என் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஆகவே ஸ்பிரிங் மாற்றினால் 50 மில்லிமீட்டருக்கு மேல் உயர்த்த வேண்டாம். அயர்ந்து படுத்துவிட்ட பழைய பட்டைகளைப் புதிதாக்குவதே உங்களுக்குப் பாதி உயர்வைத் தந்துவிடும். அந்த வால்வின் கம்பியை உயர்வுக்கு ஏற்ப மாற்றி அமைக்கச் சொல்லி, அமைத்ததை உங்கள் கண்ணால் பாருங்கள். ஒரு பக்கச் சக்கரம் முழுவதும் கீழே தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்றும் பாருங்கள். சக்கரத்தின் ஆரம் கூடிய அளவுக்கு, அதே வேகத்தில் நிறுத்தப் பிரேக்கும் 10 சதவீதம் அதிகமாக உழைக்க வேண்டும். எனவே புதிய டயர் ஏறும் நாளில் புதிய பேடும் ஷூவும் பிரேக் ஆயிலும் இருக்கட்டும். சானியிலிருந்து இறங்கும்போது லோ ரேஞ்சில் (மெதுவாகவும் அதிக இழுவையோடும் ஓடவைக்கும் கியர் நிலை) முதல் கியரைப் போட்டு எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்குங்கள்.

ஸ்பீடோமீட்டரும் மாறும். புதிய டயரோடு முள் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 110க்கு அருகில் ஓடும். நெடுஞ்சாலையில் முள் 120 காட்டினால் 132. கிரவுன்-பினியனை 4.56க்கு மாற்றினால் இந்தக் கணக்கும் மாறும். முள்ளுக்கான கேபிள், முன் பின் ஆக்சில்களுக்கு வலுவைப் பிரித்துத்தரும் ட்ரான்ஸ்ஃபர் பெட்டியிலிருந்து வருவதால் புதிய விகிதத்தையும் டயரையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். உங்கள் விஷயத்தில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிப் பிழை ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் வந்துவிடும் என்பது நல்ல செய்தி. செய்த மாற்றங்கள் அனைத்தையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் தம் வண்டியிலிருந்து கழற்றிய 235/85 டயர்கள் ஐந்தைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். பட்டன் நன்றாக இருக்கிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: பட்டன் ஆழத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சட்டம் கேட்பது 1 மில்லிமீட்டர்தான். மழையிலும் சேற்றிலும் அது எதற்கும் போதாது. டயரின் பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். இந்த இலக்கங்கள் ஒரு பக்கச் சுவரில் மட்டும் இருக்கலாம் என்பதால் வண்டிக்கு அடியில் படுத்தும் தேடிப் பாருங்கள். பத்து ஆண்டைத் தாண்டியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். நம் கடலோர வெயிலில் வீட்டு முற்றத்தில் நின்ற டயர் அதற்கும் முன்பே வெடிப்புவிடத் தொடங்கிவிடும். பட்டன்களுக்கு இடையிலும் ரிம்முக்கு அருகிலும் நகத்தால் விரித்து, மெல்லிய கோடுகளாக வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாவதாக உள்ள ஸ்டெப்னியை மறக்காமல் சோதியுங்கள். ஒருமுறைகூடத் தரையில் படாததால் அதுதான் பார்ப்பதற்குப் புத்தம் புதிதாக இருக்கும். வயதில் மற்ற நான்கைவிடவும் மூத்ததாகவும் இருக்கக்கூடும்.