மலேசியா தண்ணிக் குழாயை மூடிட்டா சிங்கப்பூர் என்ன ஆகும்? ரெண்டு நாடும் நண்பர்களா, எதிரிகளா?

மூட மாட்டாங்க. முதல்ல அதைச் சொல்லிடுறேன், ஏன்னா கீழ எழுதுறது கொஞ்சம் நீளமா போகும் போல.

கேள்வியில நண்பர்களா எதிரிகளான்னு ரெண்டே ஆப்ஷன் கொடுத்திருக்கீங்க, அங்கதான் இடிக்குது. பாகம் பிரிஞ்ச அண்ணன் தம்பி வீட்டைப் பாத்திருப்பீங்கல்ல, நடுவுல சுவர் எழுப்பியாச்சு, பேச்சுவார்த்தை அளவோடதான், ஆனா கிணறு மட்டும் ஒண்ணு. இவங்க கதையும் அப்படித்தான். 1965 ஆகஸ்ட் 9, மலேசியாவோட இருந்த சிங்கப்பூர் பாகம் பிரிஞ்ச நாள்.

நான் 2017ல இருந்து சிங்கப்பூர்ல உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு வேர்ஹவுஸ்ல வேலை பாக்குறேன். எங்க ஷிஃப்ட்ல பாதிப் பேர் ஜேபிக்காரங்க, அதாவது ஜோகூர் பாரு, பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவோட ஜோகூர் மாநிலத் தலைநகரம். பாலம்னா நம்மூரு பாம்பன் மாதிரி நினைக்காதீங்க, கல்லையும் மண்ணையும் கொட்டி கடலை அடைச்சுப் போட்ட ரோடு, ஒரு கிலோமீட்டர்தான், 1924ல கட்டி முடிச்சது. அது ஓரமாவே தண்ணிக் குழாய் போகுது, பஸ்ல போறப்ப ஜன்னல் வழியா பாத்தா தெரியும், ஆளுயரக் குழாய். முதல் தடவை பாத்தப்ப இவ்ளோ பெரிய நாட்டோட உயிர் இப்படி ரோட்டோரம் திறந்து கிடக்குதேன்னு ஆச்சரியமா இருந்துச்சு.

தண்ணிக் கணக்கை முதல்ல பாத்துருவோம், இதுல நிறைய பேர் பாதியை மட்டும் சொல்லிட்டு சண்டை போடுறாங்க. 1962ல போட்ட ஒப்பந்தம்தான் இப்ப நடப்புல இருக்கு, 2061 வரைக்கும் செல்லும். ஜோகூர் ஆத்துல இருந்து ஒரு நாளைக்கு 25 கோடி கேலன் வரைக்கும் சிங்கப்பூர் எடுத்துக்கலாம், விலை 1,000 கேலனுக்கு 3 சென் (நூறு சென் ஒரு மலேசிய ரிங்கிட்). ஆமா, 3 சென். கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, முழு அளவு எடுத்தாலும் ஒரு நாளைக்கு 7,500 ரிங்கிட்தான் வருது. ஒரு நாட்டுக்கே தண்ணி, விலை ஒரு செகண்ட் ஹேண்ட் மோட்டார் பைக் காசு. மலேசியாக்காரனுக்கு வயிறு எரியுமா எரியாதா?

ஆனா மறுபாதி இருக்கு. எடுக்குற தண்ணில 2 சதவீதம், அதாவது 50 லட்சம் கேலன், சுத்திகரிச்ச தண்ணியா ஜோகூருக்குத் திருப்பிக் கொடுக்கணும், அதுக்கு விலை 1,000 கேலனுக்கு 50 சென். சுத்தம் பண்ற செலவே எங்களுக்கு 2 ரிங்கிட் 40 சென் ஆகுதுன்னு சிங்கப்பூர் சொல்லுது. அந்தக் கணக்குப்படி பாத்தா அவங்க ஆயிரம் கேலனுக்கு 1.90 கையை விட்டுப் போட்டு கொடுக்குறாங்க, ஒரு நாளைக்கு 9,500 ரிங்கிட். வாங்குற தண்ணிக்குக் கொடுக்குறது 7,500, விக்கிற தண்ணில நஷ்டம் 9,500. இப்ப சொல்லுங்க யாரு ஏமாந்தது? அதோட ஜோகூர்ல வறட்சி வந்து கூடுதலா கேட்டப்பல்லாம் 50 லட்சத்துக்கு மேலயும் கொடுத்திருக்காங்க, அதே 50 சென்னுக்கு.

"அப்ப விலையை மாத்த வேண்டியதுதானே"ன்னு கேப்பீங்க. 25 வருஷம் கழிச்சு விலையை மறுபடி பேசலாம்னு ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு. 25 வருஷம்னா 1987. அந்த வருஷம் மலேசியா கேக்கல. ஏன் கேக்கலன்னா, விலை ஏத்தினா சுத்தத் தண்ணி விலையும் சேந்து ஏறும், அப்ப நமக்குத்தான் அடின்னு கணக்குப் போட்டாங்க, அப்ப மலேசியப் பிரதமரா இருந்த மகாதீரே பின்னாடி இந்தக் காரணத்தைச் சொல்லியிருக்கார். சிங்கப்பூர் அந்த ஒரு பாயிண்டைப் புடிச்சுக்கிட்டு "87ல கேக்கல, உரிமை போச்சு"ங்குது. மலேசியா "25 வருஷத்துக்கு அப்புறம்னுதான் எழுதியிருக்கு, எப்ப வேணா கேக்கலாம்"ங்குது. ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம், அதை வச்சு முப்பது வருஷத்துக்கு மேல ஓட்டிட்டாங்க. 2018ல மகாதீர் 92 வயசுல மறுபடி பிரதமரா வந்ததும் முதல் வேலையா இதைத்தான் தூக்கினார். ஹாங்காங் சீனாவுக்கு எவ்ளோ கொடுக்குது பாருங்கன்னு உதாரணம் வேற. அதுக்கு சிங்கப்பூர் பதில், ஹாங்காங்குக்கு குழாயும் அணையும் சீனா கட்டிக் கொடுத்தது, ஜோகூர்ல நாங்கதான் எங்க காசைப் போட்டுக் கட்டினோம்னு. எனக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்குற மாதிரிதான் தெரியுது, ஆனா வக்கீல் மூளை சிங்கப்பூர்ப் பக்கம் அதிகம், அதுல சந்தேகமே இல்ல.

காவேரியோட இதை ஒப்பிட்டு யாராவது கமெண்ட் போடுவீங்க, அதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன், நம்ம சண்டை எவ்ளோ தண்ணிங்கிறதுல. இங்க அளவுல சண்டையே இல்ல, விலையில மட்டும்தான்.

சரி, ஏன் மூட முடியாது? பிரிவினை ஒப்பந்தத்துலயே 1961, 1962ன்னு ரெண்டு தண்ணி ஒப்பந்தத்துக்கும் மலேசிய அரசு உத்தரவாதம் கொடுத்து, அதை ஐநால பதிவும் பண்ணி வச்சிருக்காங்க. குழாயை மூடினா தண்ணி மட்டும் நிக்காது, பிரிஞ்சு போனதுக்கான கையெழுத்தையே அழிச்ச மாதிரி ஆயிடும். ரெண்டாவது, சிங்கப்பூர் சும்மா உக்காந்துட்டு இல்ல. 1942ல ஜப்பான்காரன் வர்றப்ப பிரிட்டிஷ்காரன் பாலத்தை வெடி வச்சுத் தகர்த்தான், அதுல தண்ணிக் குழாயும் சேந்து போச்சு, அந்த பயம் இந்த ஊருக்கு ரத்தத்துலயே ஊறிப்போச்சு. 2002 தேசிய தினத்துல பிரதமர் கோ சோக் டோங்ல இருந்து மைதானத்துல இருந்த 60,000 பேரும் நியூவாட்டர் பாட்டிலைத் தூக்கிப் பிடிச்சுக் குடிச்சாங்க. நியூவாட்டர்னா சாக்கடைத் தண்ணியை சுத்தம் பண்ணினது, நாசூக்கா பேரு வச்சிருக்காங்க. இப்ப தேவைல 40 சதவீதம் வரைக்கும் அதால சமாளிக்க முடியும்ங்கிறாங்க, பெரும்பகுதி சிப் ஃபேக்டரிகளுக்குப் போகுது. 2005ல இருந்து கடல்தண்ணியும் சுத்திகரிக்கிறாங்க. 1961ல போட்ட இன்னொரு ஒப்பந்தம் 2011ல முடிஞ்சப்ப அதைப் புதுப்பிக்கவே இல்ல, அங்க இருந்த சுத்திகரிப்பு நிலையங்களை ஜோகூருக்கு இலவசமாவே கொடுத்துட்டு வந்துட்டாங்க. அந்தளவுக்கு தைரியம் வந்துருச்சு. இப்ப உண்மையான பயம் மலேசியா மூடுறது இல்ல, ஆறு வத்துறது. 2016 அக்டோபர்ல ஜோகூர் ஆத்துக்குத் தண்ணி விடுற லிங்கியூ அணை 20 சதவீதத்துக்கு இறங்கிப் போச்சு, அது எந்தத் தலைவரும் திருகின வால்வு இல்ல.

இது தவிர இவங்க போட்ட சண்டை லிஸ்ட் எழுதினா விடிஞ்சிடும். பெட்ரா பிராங்கான்னு ஃபுட்பால் கிரவுண்ட் அளவு பாறைக்கு சர்வதேச நீதிமன்றம் வரைக்கும் போய், 2008ல பாறை சிங்கப்பூருக்கு, பக்கத்துல இருக்குற மிடில் ராக்ஸ் மலேசியாவுக்குன்னு தீர்ப்பு. கோலாலம்பூர்-சிங்கப்பூர் அதிவேக ரயில் 2016ல கையெழுத்துப் போட்டு 2020 கடைசி நாள்ல ரத்து, மலேசியா 10 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலரை இங்க வெள்ளின்னுதான் சொல்லுவோம்) மேல நஷ்ட ஈடு கட்டுச்சு. ஒண்ணே ஒண்ணு அழகா முடிஞ்சது, ரயில் நிலம். சிங்கப்பூர் நடுவுல தஞ்சோங் பகார் வரைக்கும் தண்டவாளமும் ஸ்டேஷனும் மலேசிய ரயில்வேயோடதா இருந்துச்சு, இருபது வருஷம் இழுத்தாங்க, 2010ல அப்ப பிரதமர்களா இருந்த மலேசியாவோட நஜிப்பும் சிங்கப்பூரோட லீ சியன் லூங்கும் உக்காந்து, அந்த நிலத்துக்குப் பதிலா வேற இடத்துல நிலம், அதுல ரெண்டு நாட்டுக்கும் 60க்கு 40 பங்குல கூட்டுக் கம்பெனின்னு முடிச்சாங்க. 2011 ஜூன் 30 ராத்திரி கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிட்டுப் போனார். அவர்தான் இப்ப மலேசியாவோட மாமன்னர்.

இதெல்லாம் பேப்பர்ல வர்றது. எனக்கு இந்த ரெண்டு நாட்டு உறவு புரிஞ்சது 2020 மார்ச் 17ல.

முந்தின நாள் ராத்திரி அப்ப மலேசியப் பிரதமரா இருந்த முஹிதீன் டிவில வந்து, கொரோனாவுக்காக 18ஆம் தேதியில இருந்து எல்லை மூடுறோம்னுட்டார். மறுநாள் காலைல எங்க வேர்ஹவுஸ்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல. எங்ககூட ஒரு ஜேபி அண்ணன் இருக்கார், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவரு, நம்ம தமிழ் ஆளுதான், தாத்தா காலத்துல ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம். தினம் காலைல 4 மணிக்கு மோட்டாரை எடுத்தாதான் 7 மணி ஷிஃப்ட்டுக்கு நிக்க முடியும் அவருக்கு, ஜாம் அப்படி. பாத்த உடனே "பசியாறிட்டியா தம்பி"ன்னு கேக்குறதுதான் வழக்கம், அன்னைக்கு அது கேக்கல. மத்தியானம் மேனேஜர் வந்து இங்கேயே தங்குறவங்க பேர் கொடுங்க, போறவங்க போகலாம்னுட்டார், போனா சம்பளத்துக்கு கேரண்டி இல்லன்னு சொல்லாம சொன்னார். இவர் வீட்டுக்கு போன் போட்டு அரை மணி நேரம் பேசினார், பேசிட்டு வந்து "ரெண்டு வாரம்தானேலா"ன்னார். சாயங்காலம் அவசரமா பாலம் தாண்டிப் போயி ஒரு பையில நாலு சட்டையும் கைலியும் எடுத்துக்கிட்டு ராத்திரி 11 மணிக்கு திரும்ப வந்து சேந்தார். ரூம் கிடைக்கல. முதல் ரெண்டு ராத்திரி என் ரூம்ல தரையில பாயைப் போட்டுப் படுத்தார். தங்க வைக்கிற கம்பெனிக்கு ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 50 வெள்ளி, 14 நாளைக்கு, அரசாங்கம் கொடுத்துச்சு, அப்புறம்தான் ஒரு ஹோட்டல்ல மூணு மூணு பேரா போட்டாங்க.

அந்த ரெண்டு வாரம் எவ்ளோ நாள் ஆச்சு தெரியுமா? ஆகஸ்ட்ல ஒரு ஏற்பாடு வந்துச்சு, 90 நாளாவது இங்கயே வேலை செஞ்சா லீவுல போயிட்டு வரலாம்னு, ஆனா போனா தனிமைப்படுத்தல், வந்தா தனிமைப்படுத்தல். பாலம் பழையபடி திறந்தது 2022 ஏப்ரல் 1. அவரோட பொண்ணு பள்ளிக்கூடத்துல சேந்ததையும் பல்லு விழுந்ததையும் வீடியோ கால்லதான் பாத்தார்.

ஆனா பாருங்க, ஆளுங்க நின்ன அந்த ரெண்டு வருஷமும் லாரி நிக்கல. காய்கறி, முட்டை, கோழி எல்லாம் ராத்திரி ராத்திரியா வந்துக்கிட்டேதான் இருந்துச்சு, குழாய்ல தண்ணியும் ஒரு நாள் கூட நிக்கல. கோழி நின்னது அப்புறம், எல்லை திறந்த கொஞ்ச நாள்லயே, 2022 ஜூன் 1. மலேசியாவுல கோழி விலை ஏறிப்போச்சுன்னு மாசம் 36 லட்சம் கோழி ஏற்றுமதியை நிறுத்திட்டாங்க. சிங்கப்பூர் அப்ப சாப்பிட்ட கோழில மூணுல ஒரு பங்கு அங்க இருந்து உயிரோட வந்தது. அதுக்கு முந்தின நாள் தேக்கா மார்க்கெட்டுல கோழிக்கடையில நின்ன கூட்டத்தைப் பாக்கணுமே, ஒரு ஆன்ட்டி எட்டு கோழி வாங்கிட்டுப் போனாங்க, ஃப்ரீசர் தாங்குமான்னு தெரியல. ஒரே மாசத்துல இந்தோனேசியக் கோழிக்கு அனுமதி கொடுத்துட்டாங்க. அக்டோபர்ல மலேசியாவும் தடையை எடுத்துடுச்சு, ஏன்னா நஷ்டம் அங்க பண்ணைக்காரனுக்கும்தான்.

அதனால என்னைக் கேட்டா இந்த உறவுல முக்கியமான குழாய் தண்ணிக் குழாய் இல்ல, தினம் பாலம் தாண்டுற ஆளும் சம்பளமும்தான். 1973 வரைக்கும் ரெண்டு ஊர் வெள்ளியும் ஒண்ணுக்கு ஒண்ணு. இப்ப ஒரு சிங்கப்பூர் வெள்ளி 3 ரிங்கிட்டுக்கு மேல. அந்த அண்ணன் சம்பளம் 2,200 சிங்கப்பூர் வெள்ளி, இங்க அதை வச்சு ஒரு நல்ல ரூம் கூட தனியா எடுக்க முடியாது, பாலத்தைத் தாண்டினா அது 6,600 ரிங்கிட்டுக்கு மேல, அங்க அவர் சொந்த வீட்டுக்காரர். சிங்கப்பூருக்கு இதுல செம லாபம், ஆளு படிச்சது, வளந்தது எல்லாம் மலேசியா செலவுல, வயசானதும் போய்ச் சேரப்போறதும் அங்கதான். மலேசியாவுக்குக் குறை என்னன்னா ஜோகூர்ல நல்ல வெல்டர் கிடைக்கல, நர்ஸ் கிடைக்கல, எல்லாம் பாலத்துக்கு இந்தப் பக்கம். 3 சென்னைப் பத்தி மேடையில கத்துற தலைவருங்க இதைப் பத்தி அவ்ளோ சத்தமா பேசுறதில்ல, ஏன்னா அந்த சம்பளம்தான் ஜேபில கடை, கார், வீடு எல்லாம் ஓட்டுது. சனி ஞாயிறுல சிங்கப்பூர்க்காரன் போய் அங்க மளிகை வாங்குறதும் முடி வெட்டுறதும் தனி. கார்ல போனா முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கணும்னு சிங்கப்பூர்ல சட்டமே இருக்கு, இல்லன்னா எல்லாரும் அங்க போய் மலிவா ஊத்திட்டு வந்துருவாங்கன்னு.

இந்த ஏத்தத்தாழ்வை ரெண்டு அரசாங்கமும் இப்பதான் நேரடியா கையில எடுத்திருக்கு. 2025 ஜனவரில ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குக் கையெழுத்து போட்டாங்க, இங்க இடமும் ஆளும் பத்தாத கம்பெனி அங்க போகட்டும், சம்பளமும் அங்கேயே கொஞ்சம் ஏறட்டும்ங்கிற கணக்கு. ஏறுமான்னு எனக்கு சந்தேகம், ஆளு மலிவா கிடைக்கிறதாலதானே கம்பெனி அங்க போகுது. கூடவே ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற ஆர்டிஎஸ் ரயில், ஜேபில இருக்குற புக்கிட் சாகர்ல ஏறினா இங்க உட்லண்ட்ஸ் நார்த், 4 கிலோமீட்டர், 5 நிமிஷம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு பக்கம் 10,000 பேர் போகலாம். 2026 கடைசிக்குள்ள ஓட ஆரம்பிக்கணும்னு திட்டம்.

போன வாரம் டீ குடிக்கிறப்ப அண்ணன்கிட்ட கேட்டேன், இனிமே ரயில்ல வந்துருவீங்களா, 6 மணி வரைக்கும் தூங்கலாமேன்னு. "என் வீடு எங்கே, புக்கிட் சாகர் எங்கே தம்பி, அங்க போய் மோட்டாரை எங்க நிப்பாட்டுறது"ன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, மழை நாள்ல மட்டும் பாக்கலாம்னார்.