திருகோணமலையில் விற்பனைக்கு வந்திருக்கும் 1965 பென்ஸ் 230 எஸ்எல் காரை வாங்கலாமா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

உப்புவெளிப் பக்கம் ஒரு வீட்டில் ஹுட் (துணிக் கூரை) மடக்கும் இரண்டு சீட் பென்ஸ் ஒன்று விலைக்கு நிற்கிறது, 'அருமையாகப் பேணப்பட்டது' என்கிறார்கள், கொழும்பிலிருந்து வந்து பார்க்கிற அளவுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊரில் அப்படியொரு காரை யாருக்கும் தெரியாமல் விற்க முடியாது. எனக்கும் செய்தி வந்தது, போய்ப் பார்த்தேன். வாங்க வசதியில்லை, பார்க்கும் ஆசைதான். சிறு வயதில் மாமாவின் கராஜில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதியும் கிடையாது.

என் பதில்: வாருங்கள், வாங்கவும் செய்யலாம். ஆனால் காரின் மேலே பத்து நிமிடம் பார்த்தால் அடியில் ஒரு மணி நேரம் பாருங்கள்.

மேலே பார்த்தால் மயங்கத்தான் செய்வீர்கள். 1963இல் ஜெனீவா கண்காட்சியில் வந்த மாடல் இது. அதுவரை பென்ஸ் விற்றுக்கொண்டிருந்த 190 எஸ்எல், 300 எஸ்எல் என்ற இரண்டுக்கும் பதிலாக இந்த ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வடிவமைத்தவர் போல் பிராக். கழற்றி மாட்டும் இரும்புக் கூரையின் நடு தாழ்ந்து இரு ஓரமும் உயர்ந்து கிழக்காசியக் கோயில் கூரைபோல் இருப்பதால் 'பகோடா' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 230 எஸ்எல் மொத்தம் 19,831தான் செய்தார்கள். பின்னால் வந்த 250, 280 இரண்டையும் சேர்த்தால் 48,912. வந்த வருடமே ஸ்பா - சோபியா - லியேஜ் ராலியில் முதலிடம் பிடித்தது. யூகோஸ்லாவியா மலை றோட்டுகளையே தாண்டிய கார், கந்தளாய் றோட்டுக்குப் பயப்படாது.

பயப்பட வேண்டியது கறளுக்கு. திருகோணமலை மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர். வாடை தொடங்கினால் மார்கழி முடியும் வரை மழையும் உப்பும் சேர்ந்தே வரும். அப்புறம் கச்சான் காற்று எல்லாவற்றையும் காய வைக்கும். ஆனால் உள்ளே போன உப்பு அங்கேயே இருக்கும். இங்கே ஒரு கார் 'பேணப்பட்டது' என்றால் நான் முதலில் கேட்பது எங்கே நின்றது என்றுதான். கடற்கரை வீட்டின் திறந்த போர்டிகோவில் துணி போர்த்தி நின்ற கார், வெறும் வெயிலில் நின்ற காரைவிட மோசமாகக்கூட இருக்கும். ஈரம் துணிக்குள்ளேயே தங்கிவிடும். இந்தக் காரை விற்கும் ஐயா பல வருடம் கண்டியில் வைத்திருந்து, ஓய்வுபெற்ற பிறகுதான் இங்கே கொண்டுவந்தாராம். உண்மையானால் அது பெரிய விஷயம். பழைய சேவிஸ் ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், எந்த ஊர்க் கராஜ் என்று அதில் இருக்கும்.

நம்மாட்கள் பழைய கார் பார்க்கப் போகும்போது ஒரு காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். காந்தம் ஒட்டாவிட்டால் அந்த இடத்தில் கறள் தின்ற ஓட்டையை மறைக்கப் பட்டி பூசியிருக்கிறது என்று கணக்கு. நான் நின்ற நேரத்தில் ஒருவர் பொனட்டில் வைத்தார், ஒட்டவில்லை. கதவில் வைத்தார், ஒட்டவில்லை. "முழுக்கப் பட்டி!" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார். இந்த மாடலில் பொனட், டிக்கி மூடி, கதவின் வெளித்தகடு, ஹுட்டை மடித்து மூடும் பலகை எல்லாம் கம்பனியிலிருந்தே அலுமினியம். அங்கே ஒட்டக் கூடாது, ஒட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். மட்கார்ட், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சட்டமான சில் (சக்கரத்தைச் சொல்லவில்லை), தரை ஆகியவை இரும்பு. காந்தத்தை அங்கே வையுங்கள்.

பொனட்டைத் திறந்து, முன் மட்கார்ட் உடம்போடு சேரும் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கம்பனி அடித்த புள்ளி வெல்டிங்கின் சிறு குழிகள் வரிசையாகத் தெரிய வேண்டும். மழமழவென்று இருந்தால் முன்பக்கம் எப்போதோ அடிபட்டு மாற்றப்பட்டிருக்கிறது. ஹெட்லைட் கூட்டின் பின்புறம், காப்பெட்டுக்குக் கீழே கால் வைக்கும் இடம், டிக்கித் தரை, ஹுட் மடியும் குழி ஆகிய நான்கையும் விடாதீர்கள். அந்தக் குழியில் விழும் மழைத் தண்ணீர் சிறு ஓட்டைகள் வழியாக வெளியேற வேண்டும். இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் சில்லைத் தின்னும். கடைசியாக ஒரு பக்கம் ஜக் வைத்து உயர்த்தி, கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். கூரை இல்லாத காருக்கு முதுகெலும்பு தரையும் சில்லும்தான். கதவு இடித்தால் உடம்பு வளைகிறது, வந்த வழியே திரும்புங்கள். அப்படிப்பட்ட காரைச் சும்மா தந்தாலும் வேண்டாம்.

எஞ்சின் ஆறு சிலிண்டர், 2.3 லீற்றர், 150 குதிரைவலு. எஞ்சின் உறுதியானது, தலைவலி அதன் இன்ஜெக்ஷன் பம்பில். கார்பரேட்டர் கிடையாது. பொஷ் செய்த இயந்திரப் பம்ப் ஒன்று, ஆறு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெற்றோலை அளந்து அனுப்பும். வடக்கில் பெற்றோல் தடைக் காலத்தில் ஒஸ்டின் ஏ40யையும் மொரிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்த மெக்கானிக்குகளின் கைவண்ணத்தை நான் வணங்குகிறேன். ஆனால் அந்தக் கைவண்ணம் இந்தப் பம்பிடம் பலிக்காது. ஸ்குரூ டிரைவரோடு யாரையும் அதன் பக்கம் விடாதீர்கள். காலையில் எஞ்சின் தொட்டால் குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகுமுன் சூடாக்கி வைத்திருந்தால் அதுவே ஒரு பதில். கறுப்புப் புகையும் சூடான பிறகும் தீராத தடுமாற்றமும் இருந்தால், பம்பைக் கழற்றி வெளிநாடு அனுப்பும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். இங்கே கிடைக்கும் 95 ஒக்டேன் பெற்றோல் போதும். முன் சக்கரங்கள் திரும்பும் அச்சாணியான கிங்பின்னுக்குக் கிறீஸ் அடித்து வந்தார்களா என்று கேளுங்கள், ஸ்டியரிங் கல்லாக இருந்தால் அடிக்கவில்லை.

இனி எண்கள். 230 எஸ்எல் சேசிஸ் எண் 113042 என்று தொடங்கும். அடுத்த இரண்டு இலக்கம் முக்கியம். 20 என்றால் வலப்பக்க ஸ்டியரிங், கை கியர். 22 என்றால் வலப்பக்கம், ஓட்டோ கியர். 10 அல்லது 12 என்று இருந்தால் அது இடப்பக்க ஸ்டியரிங்கோடு பிறந்து பிறகு மாற்றப்பட்ட கார். எஞ்சின் எண் 127981 என்று தொடங்க வேண்டும். பழைய பெற்றோல் காரில் டீசல் எஞ்சின் ஏற்றிய நாடு நம் நாடு, அதனால் பார்க்காமல் விடாதீர்கள். இரண்டு எண்ணும் சி.ஆரில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) இருப்பதோடு பொருந்தாவிட்டால் பெயர் மாற்றும்போது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அலைய வேண்டி வரும். தகட்டில் பழைய சிங்கள ஸ்ரீ எழுத்தோடு உள்ள எண் அப்படியே இருக்கிறது. அந்த எழுத்தை எதிர்த்து 1950களின் கடைசியில் நம்மவர்கள் தார் பூசினார்கள், இன்றைக்கு அதே எழுத்து இருந்தால் சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். என்ன சொல்வது!

விலை பற்றி: ஐயா சொல்வது ஐரோப்பிய ஏல விலை. அது முழுக்கப் பிரித்துப் புதுப்பித்த கார்களுக்கானது. பழைய வாகன இறக்குமதிக்கு வயதுக் கட்டுப்பாடு இருப்பதால் இன்னொன்று வெளியிலிருந்து வராது என்ற அவருடைய வாதம் சரிதான். ஆனால் அதே காரணத்தால் வாங்குபவர்களும் விரல்விட்டு எண்ணும் அளவுதான், நீங்கள் அவசரப்பட வேண்டியதில்லை. நான் பார்த்தவரை ஹுட் துணி கிழிந்திருக்கிறது, பெயின்ட் மங்கல், டாஷ்போர்டில் வெடிப்பு. எனக்கு இவை எல்லாம் நல்ல சகுனம். விற்பதற்காக அவசரமாகப் பெயின்ட் அடிக்கவில்லை என்று அர்த்தம். இடப்பக்கச் சில்லின் பின்முனையில் மட்டும் ஒரு புது வெல்டிங் கண்டேன். கேட்டபோது ஐயா பேச்சை மாற்றித் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். நீங்கள் மறுபடியும் கேளுங்கள்.

உதிரிச் சாமான் பென்ஸின் கிளாசிக் பிரிவில் இன்றும் வாங்கலாம், சுங்கத் தீர்வையைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டோர்ச்சும், கீழே விரித்துப் படுக்கப் பழைய சாரம் ஒன்றும் கொண்டு வாருங்கள். விடியவே வந்து சேருங்கள், பத்து மணிக்குப் பிறகு அந்த முற்றத்துச் சீமெந்தில் முதுகு வைக்க முடியாது.