மாநாட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

எம்.ஏ. வரலாறு படிக்கும் உங்கள் மகள் ஒரு பன்னாட்டுச் சமூக அறிவியல் மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பியதையும், மறுநாளே அதை ஏற்றுக்கொண்டு ஒன்பதாயிரம் ரூபாய் கட்டச் சொல்வதையும் எழுதியிருந்தீர்கள். பிற்பாடு கல்லூரி வேலைக்கு இது உதவுமா என்பது உங்கள் கேள்வி. கட்ட வேண்டாம் அம்மா. ஒரே நாளில் ஏற்றுக்கொண்டார்கள் என்றால் யாரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

இப்படிப்பட்ட மாநாடுகள் பெருகியதற்குக் காரணம் இருக்கிறது. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிகளில், ஆசிரியர்கள் மாநாட்டில் கட்டுரை வாசித்தால் பதவி உயர்வுக்கான கணக்கில் மதிப்பெண் இருந்தது. பன்னாட்டு மாநாடு என்றால் கூடுதல் மதிப்பெண். 2016 விதிகள், முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் இரண்டு மாநாடுகளில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்றன. சான்றிதழுக்குத் தேவை வந்ததும் அதை விற்பவர்களும் வந்துவிட்டார்கள். 2022 விதிகளில் மானியக் குழு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. சில பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் இன்னும் கேட்கலாம். மகள் ஆய்வுக்குச் சேரும்போது அந்தப் பல்கலைக்கழக விதியைப் பார்த்துக்கொண்டால் போதும்.

உண்மையான மாநாடு எப்படி வளரும் என்பதற்கு நமக்குத் தெரிந்த ஒன்றையே சொல்கிறேன். 1964இல் டெல்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் (ஆசிய மொழிகளையும் பண்பாடுகளையும் ஆராய்பவர்களின்) உலக மாநாடு நடந்தபோது, அங்கு வந்திருந்த அறிஞர்கள் கூடி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார்கள். முன்னின்றவர் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள். முதல் தலைவர் பிரான்சு நாட்டு அறிஞர் ழான் ஃபிலியோசா. இரண்டே ஆண்டுகளில், 1966இல், கோலாலம்பூரில் முதல் மாநாடு. பிறகு 1968 சென்னை, 1970 பாரிஸ், 1974 யாழ்ப்பாணம், 1981 மதுரை. 1995 தஞ்சாவூருக்குப் பின் இருபது ஆண்டுகள் இடைவெளி விழுந்து, மறுபடி 2015இல் கோலாலம்பூர், 2019இல் சிகாகோ என்று தொடர்ந்தது. சென்னை மாநாட்டின் ஊர்வலமும் மெரினா சிலைகளும்தான் பொதுமக்கள் நினைவில் நிற்கின்றன. ஆனால் ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டவை அங்கே வாசித்து விவாதித்து, பிறகு தொகுதிகளாக அச்சான கட்டுரைகள்தான். மாநாடுகளை ஒட்டி நிறுவனங்களும் எழுந்தன: 1970இல் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், 1981இல் தமிழ்ப் பல்கலைக்கழகம். எத்தனையோ பேருக்கு ஆய்வுப் பணி கொடுத்த இடங்கள் அவை.

ஆகவே எந்த மாநாட்டு அழைப்பு வந்தாலும், முந்தைய மாநாட்டுக் கட்டுரைகள் எங்கே வெளியாகியிருக்கின்றன என்று மகளைத் தேடச் சொல்லுங்கள். அமைப்புக்குழுவில் இருப்பவர்கள் அந்தந்தப் பல்கலைக்கழகத்தில் உண்மையிலேயே வேலை பார்க்கிறார்களா என்றும் பார்க்கட்டும். பொருளாதாரம், மேலாண்மை, பொறியியல், வரலாறு எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே அரங்கில் நடத்துகிறோம் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். கட்டணம் கேட்பதே தவறில்லை, நல்ல மாநாடுகளும் கேட்கின்றன. மாணவர்களுக்கு அநேகமாகக் குறைவாக இருக்கும்.

அவள் முதலில் வாசிக்க வேண்டிய இடம் தன் துறையின் கருத்தரங்கம். அடுத்து தமிழ்நாடு வரலாற்றுப் பேரவை, 1935 முதல் இயங்கிவரும் இந்திய வரலாற்றுப் பேரவை. உறுப்பினராகிக் கட்டுரை அனுப்பலாம். அவள் எடுத்துக்கொண்ட அதே வரலாற்றுக் காலத்தை ஆராய்பவர்கள் எதிரே உட்கார்ந்து, “இந்தக் கல்வெட்டை எந்தத் தொகுதியில் பார்த்தாய்?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய பிள்ளை நேர்முகத் தேர்விலும் தடுமாறாது. என்னிடம் வரும் மாணவர்களிடம் இதைக் கண்ணால் பார்க்கிறேன்.

வரலாறு படித்தால் வேலை உண்டா என்ற கவலைக்கு வருகிறேன். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வை இறுதியாண்டிலேயே எழுதலாம். அதிலேயே இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கும் தேர்வாகி ஆய்வில் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். கல்வெட்டிலோ அகழாய்விலோ ஆர்வம் இருந்தால், தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்தும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பை விசாரியுங்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் வாய்ப்பு போய்விடும் என்று அவர்கள் அவசரப்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். போகட்டும். அந்தக் கட்டுரைச் சுருக்கத்தை மகள் தன் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இந்த வாரமே காட்டி, எங்கே திருத்த வேண்டும் என்று கேட்கட்டும்.